கரட்டுவலசுப் பங்குதாரர்

ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில், பேருந்து நின்றாலும் நிற்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத ஊர் கரட்டுவலசு. அங்கே இறங்கி மணியன் வீடு எது என்று கேட்டால், எந்த மணியன் என்பார்கள். வீசம் மணியன் என்றால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்குப் பின்னக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டிய வட்டாரம் இது.

இங்கே தனியாளாகத் தொழில் செய்கிறவரைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். கூட்டாளியோடு சண்டை போட்டவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டாளியே கிடைக்காதவராக இருக்க வேண்டும். போர்வெல் வண்டி கூட்டு, கோழிப்பண்ணை கூட்டு, முட்டை லாரி கூட்டு. பள்ளிக்கூடம் தொடங்குவதென்றாலும் முதலில் பங்கு பேசி முடித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று யோசிப்பார்கள்.

மணியன் மீசை முளைக்கும் முன்பே போர்வெல் வண்டியில் ஏறியவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஊர் பெயர் உச்சரிக்க வராத இடங்களிலெல்லாம் பூமியைத் துளைத்தார். தண்ணீர் வருமுன் கல்மாவுதான் வரும். வெள்ளைப் புகைபோல எழும்பி ஆளை மூடும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நிற்க வேண்டும். அப்படி நின்ற வருடங்களின் சேமிப்பைக் கொண்டு அதே வண்டியில் ஒரு வீசம் பங்கு வாங்கினார். சேமித்தது அது மட்டுமல்ல, நெஞ்சுக்குள் மாவும் சேர்ந்திருந்தது என்பது பிறகு தெரிந்த விஷயம்.

அந்த வண்டியின் கூட்டாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கொரு நாள் பெரிய பங்குக்காரர் வீட்டு மாடியில் ஜமுக்காளம் விரித்துக் கணக்குப் பார்ப்பார்கள். வண்டியை விற்பதா, எஞ்சினை மாற்றுவதா, அடுத்து எந்த மாநிலம் என்று எது வந்தாலும் சின்னப் பங்கிலிருந்து தொடங்கித்தான் கேட்பார்கள். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர்களுக்கு நாக்கு எழாது என்பதால் யாரோ ஒரு நல்ல மனிதர் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆக, பாதி வண்டிக்குச் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டிருக்க, "என்ன மணியா, வித்துப்போடலாமா?" என்ற கேள்வி முதலில் வீசத்துக்குத்தான் வரும். மணியன் சொம்பிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருடம் முழுக்கத் தின்ற கல்மாவு அந்த ஒரு நிமிடத்தில் செரித்துவிடும்.

பிறகு வண்டி போயிற்று. கோழிப்பண்ணையில் போட்ட பங்கு கோழிச் சீக்கில் போயிற்று. முட்டை லாரிப் பங்கு தொப்பூர்க் கணவாயில் குப்புறக் கவிழ்ந்தது. மகளைப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த பின் மிச்சம் இருந்தது, தார்ச்சாலை ஓரத்து ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, அதில் மரவள்ளிக்கிழங்கு, மூலையில் ஓட்டு வீடு, இரண்டு எருமை, மனைவி கந்தம்மாள். வாழ்க்கையிலேயே வேறு யாருக்கும் பங்கில்லாமல் முழுசாக அவர் பேரில் இருந்தது அந்தக் காடு ஒன்றுதான். முழுசாக இருந்ததாலேயே அதைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் பொன்னிக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு விரிவடைய வேண்டும் என்று தோன்றியது. அதன் தலைமை அலுவலகம் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. ஆறு பெயரில் மட்டும் ஓடுகிறது. விரிவடைவதற்கு முன் ஒரு குழு அமைத்தார்கள். குழு, புதிய வளாகங்கள் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஆங்கிலத்தில் எழுதியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், நல்ல நெறிமுறைகள் அவை. ஏன் புதிய வளாகம், யாருக்காக, இருக்கிற வளாகத்துக்கு ஆசிரியர் இல்லாதபோது போகிற வளாகத்துக்கு எங்கிருந்து ஆசிரியர், பத்து வருடம் கழித்து மூட நேர்ந்தால் அங்கே படிக்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றெல்லாம் பல்கலைக்கழகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள். கேட்டுக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

அதைத் தமிழாக்கும் வேலை திட்டப்பிரிவு உதவியாளர் ஷஃபியுல்லாவிடம் வந்தது. அம்மாபேட்டைக்காரர். வேலையைத் தள்ளிப்போடத் தெரியாதவர், ஆகவே எல்லா வேலையும் அவர் மேசைக்கு வரும். ஆங்கில மூலத்தில் ஒரு சொல் அடிக்கடி வந்தது. ஒரு காரியத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய அத்தனை பேரையும் குறிக்கிற சொல். யாருக்கும் எதுவும் தராமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற தாராளமான சொல் அது. அரசாங்கச் சுற்றறிக்கைகளில் அதற்குப் 'பங்குதாரர்' என்று போட்டிருப்பதை ஷஃபியுல்லா பார்த்திருக்கிறார். அவரும் போட்டார்.

சேலத்தில் அந்தச் சொல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரட்டுவலசு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியதும் கூட்டம் கூடிவிட்டது. 'புதிய வளாகம் குறித்த பங்குதாரர் கலந்தாய்வுக் கூட்டம். அனைத்துப் பங்குதாரர்களும் தவறாது கலந்துகொள்ளவும்.'

"ஏனுங்க, காலேசுக்குப் பங்கு சேத்தறாங்களாமா?"

"அப்பிடித்தான் போட்டிருக்குது."

"யாராரு பங்குதாரருன்னு பேரு போடுல்லியே?"

"அனைத்துன்னு இருக்குதல்ல. அனைத்துன்னா நாமளுந்தான்."

"ஒரு பைசா போடாம எப்பிடிடா பங்கு?"

"மொதல்ல போயி உக்காருவோம். போடறதப் பொறவு பாத்துக்கலாம்."

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. நான்கு பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்து வந்த குழு, வாசலிலேயே தயங்கி நின்றது. ஊரே தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, பையில் பேனா குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இந்தப் பகுதி மக்களின் கல்வித் தாகம் தம்மை நெகிழ வைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இந்த வளாகம் எங்களுடையது அல்ல. உங்களுடையது!"

"முழுசுமே நம்முளுதாமா!" என்றது பின்வரிசை.

"சும்மா இர்றா, பேசட்டும்."

தலைவர் நெறிமுறைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மூட நேர்ந்தால் என்ற இடம் வந்தபோது மணியன் எழுந்து நின்றார். எழுந்ததற்கே கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"சாமி, ஒண்ணு கேக்கலாங்களா? மூடறதுன்னு வந்தா யாரக் கேட்டு மூடுவீங்க?"

தலைவர் தாளைப் பார்த்தார். "பங்குதாரர்கள் அனைவரையும் கலந்தாலோசித்த பிறகே முடிவெடுக்கப்படும். நெறிமுறையிலேயே இருக்கிறது ஐயா."

"சின்னப் பங்குக்காரனையுங்களா?"

"சிறியவர் பெரியவர் என்ற பேச்சே இங்கே கிடையாது."

"நட்டம் வந்தா எங்க பங்கு எத்தனைங்க?"

"கல்வியில் நட்டம் ஏது ஐயா!" என்றார் தலைவர். கூடம் கைதட்டியது.

கூட்டுத் தொழிலில் நட்டமே வராது என்று எவனாவது சொன்னால் அந்த ஜமுக்காளத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பது மணியனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் காதில் முந்தின பதில்தான் நின்றுகொண்டிருந்தது. அனைவரையும் கேட்ட பிறகே. சின்னவனையும்.

தலைவர் வரைபடத்தை விரித்தார். உள்ளே பொட்டல் நிலம் நிறைய இருக்கிறது, ஊர்ப்பொது. ஆனால் தார்ச்சாலைக்கும் பொட்டலுக்கும் நடுவே ஒரு தனியார் நிலம் குறுக்கே கிடக்கிறது, அது கிடைக்காவிட்டால் இந்த இடமே ஆகாது, உரிமையாளர் யாரென்று தெரிந்தால் நன்கொடையாகத் தர முடியுமா என்று கேட்கலாம் என்றார்.

"நானுங்க," என்றார் மணியன். இன்னும் உட்காராமல்தான் நின்றிருந்தார். "அந்தக் காடு என்றதுங்க. என்ற பங்கா அத எழுதிக்குங்க."

இந்த முறை கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஓரத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஷஃபியுல்லாவின் பேனா 'என்ற பங்கா', அதாவது 'என் பங்காக', என்பதில் நின்றுவிட்டது. பெண்கள் வரிசையில் கந்தம்மாள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே தொடங்கியது.

"காட்டக் குடுத்துப்போட்டு எங்க போயி குந்தறது?"

"குடுக்குல புள்ள. பங்கு போட்டிருக்கறன்."

"போட்ட பங்கெல்லாம் எங்கீங்க? வண்டி இருக்குதா? கோழி இருக்குதா? ஒரு முட்டையாச்சும் மிஞ்சுச்சா?"

"அதெல்லாம் ஏவாரம். காலேசு சாவாது. நம்மளக் கேக்காம எதும் பண்ண மாட்டாங்க, பெரியவரே சொல்லிப்போட்டாரு."

"ஊடு?"

"ஊடும் அதுக்குள்ளதான வருது."

"எருமைங்கள என்ன பண்றது, எம்.ஏ. படிக்க வெக்கறதா?"

மணியன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. கந்தம்மாள் சண்டையை அப்படியே வைத்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்தார். தோற்கப்போகிற சண்டைகளிலெல்லாம் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது என்பதைக் கந்தம்மாள் பல வருடமாகக் கவனித்து வந்திருக்கிறார். முன்பெல்லாம் அது பாவனையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை என்பதையும் கவனித்திருந்தார்.

ஷஃபியுல்லா மறுநாள் காலை பல்கலைக்கழகத் துணைப் பதிவாளர் முன்னால் நின்றார்.

"சார், அந்த ஊர்ல பங்குதாரர்னா நிஜமான பங்குன்னு எடுத்துக்கிட்டாங்க."

"நல்லதுதானே. ஈடுபாடு."

"காட்டையே எழுதிக் குடுக்கறாரு சார். வீட்டோட."

"அதைத்தான் ஷஃபி ஈடுபாடுங்கறேன்."

"அர்த்தம் தப்பா போயிருக்கு சார்."

துணைப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நெறிமுறை தப்பா?"

"இல்ல சார்."

"மொழிபெயர்ப்பு தப்பா?"

ஷஃபியுல்லா கையிலிருந்த நோட்டீசைப் பார்த்தார்.

"அப்ப உங்ககிட்டத்தான் விளக்கம் கேக்கணும். வேணுமா சொல்லுங்க? அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவு, அதைப் பாருங்க."

அன்று சாப்பாட்டில் ஷஃபியுல்லாவின் கை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து மனைவி ஷஹர்பானு என்னவென்று கேட்டார். சொன்னார்.

"ஏங்க, உங்க அத்தாவும் அவரு அண்ணன் பெரியத்தாவும் பங்குதாரரா இருந்துதானே கடைக்கு நடுவுல பலகை அடிச்சாங்க? பலகைக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டுத்தானே பெரியத்தா உங்க அத்தாவுக்கு சலாம் சொல்லுவாரு? அந்த வார்த்தைய உங்களுக்கா தெரியாது?"

"தெரியும். எழுதறப்ப ஞாபகம் வரல."

"வந்துருச்சில்ல. போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு ஷஃபியுல்லா கரட்டுவலசில் இறங்கினார். மணியன் வீட்டுக் கொடியில் வெள்ளைச் சட்டை மறுநாளுக்காகக் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க பாய், வாங்க. ஏ புள்ள, மோரு கொண்டா. நாளைக்கித்தான வரச் சொல்லியிருந்தாங்க?"

"நான் ஆபீஸ் விஷயமா வரலீங்க. ஒரு தப்ப சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அந்த நோட்டீசுல பங்குதாரர்னு போட்டது நான்தான்."

"நல்லாத்தான போட்டிருந்தீங்க."

"அது நீங்க நெனைக்கற பங்கு இல்லீங்க ஐயா. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. இந்தக் காலேஜு வந்தா யாருக்கெல்லாம் நல்லது கெட்டது இருக்கோ அவங்க எல்லாரும்னு அர்த்தம். ஊரே அதுல அடங்கும். பஸ்சுக்கு நிக்கறவரு கூட வருவாரு."

மணியன் மோர் டம்ளரைத் திண்ணையில் வைத்தார்.

"அப்பப் பங்கு?"

"கெடையாதுங்க."

"நட்டத்துல?"

ஷஃபியுல்லாவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. "அது வரலாமுங்க," என்றார்.

"மூடறப்போ கேப்பாங்கன்னாரே அந்தப் பெரியவரு."

"கூட்டம் போடுவாங்க. நீங்க சொல்றத எழுதிக்குவாங்க. கேட்டாச்சுன்னு அடியில ஒரு வரி எழுதுவாங்க. அப்புறம் என்ன முடிவு பண்ணியிருந்தாங்களோ அதைச் செய்வாங்க."

கந்தம்மாள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த சண்டையில் அவர் முகம் அப்படி வாடியிருந்து யாரும் பார்த்ததில்லை.

"அப்ப எங்குளுக்கு என்ன பேரு போட்டிருக்கோணுமுங்க?" என்றார் மணியன்.

"சம்பந்தப்பட்டவங்கன்னு போட்டிருக்கலாம்."

"பொண்ணக் குடுத்தாச் சம்பந்தம்," என்றார் கந்தம்மாள். "காட்டக் குடுத்தா என்னுங்க சம்பந்தம்?"

மணியன் ஷஃபியுல்லாவை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களச் சொல்லச் சொல்லி யாராச்சும் அனுப்புனாங்களா?"

"இல்லீங்க."

"வேல போயிருமுங்களா?"

"போகாது. எங்கியாவது மூலையில தூக்கிப் போடுவாங்க."

மணியன் எழுந்து காட்டுக்குள் போனார். மரவள்ளிச் செடிகள் தோள் உயரம் இருந்தன. நடுவில் போய் நின்றவர் தலை மட்டும் தெரிந்தது. அங்கே அவர் அழுதாரா, கணக்குப் போட்டாரா, மூச்சு வாங்க நின்றாரா என்று இருவருக்கும் தெரியவில்லை. கந்தம்மாள் போய்க் கூப்பிடவும் இல்லை. ஒரு பேருந்து சாலையில் போனது. படிக்கட்டில் சேலத்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அது கண்ணுக்கு மறைகிறவரை மணியனின் தலை அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

திரும்பி வந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"பாய், எங்க பக்கம் தடம் உடறதுன்னு ஒண்ணு இருக்குது, தெரியுங்களா?"

உள்காட்டுக்காரர் வண்டி ஓட்டிப் போக, முன்காட்டுக்காரர் தம் நிலத்தில் ஒரு பாதை விட்டுக்கொடுப்பதுதான் தடம். போகிற உரிமை உள்காட்டுக்காரருக்கு, மண் முன்காட்டுக்காரருக்கு. கொங்கு நாட்டில் பாதி நிலம் இப்படித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறது. மீதிப் பாதி இதற்காகவே கோர்ட்டில் பேசிக்கொள்கிறது.

"காலேசு வேண்டாமுன்னு நான் சொல்லுல. ஓரமா ரெண்டு லாரி போற அகலத்துக்குத் தடம் உடறன். ஊடும் காடும் அப்பிடியே இருக்கட்டும். போறது வாறது உங்குளுது, மண்ணு என்றது. அதுல தோண்டோணும்னா என்னயக் கேக்கோணும். கல்லுப் போடோணும்னா கேக்கோணும். நான் இல்லீன்னா இவளக் கேக்கோணும். இதத் தமிழுல நல்லா எழுதிருவீங்களா? வேற அர்த்தம் வராம?"

"எழுதறேங்க," என்றார் ஷஃபியுல்லா.

குழு முதலில் ஒப்பவில்லை. வளைவு வைத்து முகப்பு கட்ட வேண்டிய இடத்தில் மரவள்ளியா என்று கேட்டார்கள். பிறகு நெறிமுறையைப் புரட்டினார்கள். 'அணுகுவழி உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும்' என்றுதான் இருந்தது, வழி யாருடைய மண் என்று இல்லை. வாழப்பாடிப் பக்கம் பார்த்து வைத்திருந்த இன்னொரு இடத்தின் மேல் மூன்று பேர் வழக்குப் போட்டுவிட்ட செய்தியும் அந்த வாரமே வந்தது. கொள்கை உடனே விசாலமாயிற்று. வெள்ளிக்கிழமைப் பத்திரம் தள்ளிப்போய், ஒரு புதன்கிழமை தடப் பத்திரமாகப் பதிவானது. உடையவரைக் கேளாமல் தோண்டவோ கல் போடவோ கூடாது என்ற வரி அதில் ஷஃபியுல்லாவின் கையெழுத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் ஷஃபியுல்லா விடைத்தாள் கிடங்குக்கு மாற்றப்பட்டார்.

நெறிமுறையின் அடுத்த பதிப்பில் பங்குதாரர் போய்த் 'தொடர்புடையோர்' வந்தது. தொடர்புடையோர் கூட்டத்துக்குக் கரட்டுவலசில் ஐந்தாறு பேர் வந்தார்கள், சட்டையைத் தேய்க்காமல். மக்களின் கல்வித் தாகம் தணிந்துவிட்டதாகத் தலைவர் குறிப்பெழுதினார்.

ஊருக்கு மணியன் மேல் வருத்தம்தான். முழுசாகக் கொடுத்திருந்தால் பெரிய கட்டடமாக வந்திருக்கும், இப்போது நான்கு அறையோடு நின்றுவிட்டது என்றார்கள். டீக்கடையில் அவர் காதுபடவே, "தடத்துலயும் வீசந்தான் உட்டிருக்கறாரு," என்றான் ஒருவன். அவன் மகளே அந்தத் தடத்தில்தான் தினமும் வகுப்புக்கு நடந்து போகிறாள். அதை மணியன் சொல்லிக்காட்டவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஊர் சொன்னதும் பொய் என்று சொல்லிவிட முடியாது, முகப்புக்கே இடமில்லாத வளாகத்துக்கு இவ்வளவு போதும் என்றுதான் சேலத்தில் நினைத்தார்கள்.

வளாகம் திறந்த முதல் வருடத்தில் இரண்டு முறை வந்து கேட்டார்கள். மழைக்கு முன்னால் சரளைக் கல் போட ஒரு முறை, மின்கம்பம் நட ஒரு முறை. இரண்டு தடவையும் மணியன் நாற்காலி போடச் சொல்லி, எதற்கு, எவ்வளவு, யார் வேலை என்று விசாரித்துவிட்டுச் சரி என்றார். மறுக்க வேண்டும் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை. அதற்குள் நாமக்கல் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரல் கல்லாக இறுகிவிட்டது, இனிமேல் ஓட்டம் நடை எல்லாம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து தடம் வரை நடப்பதற்கே இடையில் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வருடம் பங்குனியில் ஒரு காலை, தடத்தில் பொக்லைன் சத்தம் கேட்டது. கந்தம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் மணியன் கட்டிலை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் நிற்காமல் போனார். தடத்தின் ஓரமாகப் பள்ளம் நீளத் தோண்டப்பட்டிருந்தது. தோண்டிப்போட்ட மண்மேட்டின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பந்தக்காரர் ஆனந்தகுமார் வேறு ஊர்க்காரர். ஓடிவந்தார். "பெரியவரே, ஓரமா வாங்க, மண்ணு சரிஞ்சுரும்!"

"யாரக் கேட்டுத் தோண்டுன?"

"ஆர்டர் இருக்குது பெரியவரே. தண்ணிப் பைப்பு."

"என்னயக் கேட்டயா?"

"உங்கள எதுக்குக் கேக்கோணும்? நீங்க யாரு?"

மணியன் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது. மார்பு ஏறி ஏறி இறங்க, பதில் சொல்ல முடியாமல் ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டினார். வகுப்புக்குப் போக வந்த பிள்ளைகள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். கந்தம்மாள் வந்து சேர்ந்து புருஷன் முதுகில் கைவைத்தபடி சொன்னார்: "மண்ணுக்காரருங்க. இது அவரு மண்ணு."

வளாகப் பொறுப்பாளர் வந்தார். ஆள் புதியவர், அவருக்கும் விவரம் தெரியாது. அஸ்தம்பட்டிக்குப் போன் போட்டார். அஸ்தம்பட்டி, பத்திரம் எழுதிய ஆளையே கேளுங்கள் என்று கிடங்குக்குக் கைகாட்டியது. ஸ்பீக்கரில் ஷஃபியுல்லாவின் குரல் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

"ஆமா சார், கேக்காம தோண்டக் கூடாதுன்னு இருக்கு."

"அதுக்கு என்ன சார் அர்த்தம்? தகவல் சொன்னா போதும்னா?"

"இல்ல சார். கேக்காம தோண்டக் கூடாதுன்னுதான் அர்த்தம்."

பொறுப்பாளர் மண்மேட்டருகே குந்தினார். தப்பாகிவிட்டது என்றார், இப்போது கேட்கிறோம், தோண்டிக்கொள்ளலாமா என்றார்.

மணியனுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. "தோண்டிப்போட்டுக் கேட்டா, அது கேக்கறதுங்களா சாமி?"

ஆனந்தகுமார் முதலில் பொறுப்பாளரைப் பார்த்தார், பிறகு பள்ளத்தைப் பார்த்தார், பிறகு பொக்லைன்காரனுக்குக் கையைக் காட்டினார். தோண்டிய மண்ணையெல்லாம் திரும்பத் தள்ளினார்கள். மேலே சமன்செய்து, சரளையைப் பரப்பி, பள்ளமே இருந்ததில்லை என்கிற மாதிரி ஆக்கி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. பிள்ளைகளில் பாதிப்பேர் வகுப்புக்குப் போகாமல் வேலிக்காலில் நின்று பார்த்தார்கள். மணியனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் சாய்த்து வைத்தார் கந்தம்மாள். தலைக்கு இரண்டு தலையணை வைத்தார். படுத்தால் மூச்சு அடைக்கும்.

பொறுப்பாளரும் ஆனந்தகுமாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாற்காலி போடப்பட்டது. ஆனந்தகுமார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, தடத்துல தண்ணிக் குழாய் போடணும். தோண்டிக்கலாங்களா?"

"எத்தன ஆழம்?"

"மூணடிங்க."

"புள்ளைங்க குடிக்கறக்கா?"

"ஆமாங்க."

மணியன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று பொறுப்பாளர் கந்தம்மாளைப் பார்த்தார். அவர் பொறுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார். உள்ளே போன மூச்சு வெளியே வருவதற்கு நேரம் எடுத்தது. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செரி. தோண்டுங்க," என்றார்.

அந்தச் சித்திரையைத் தாண்டவில்லை மணியன். குழாயில் தண்ணீர் வந்ததைக் கந்தம்மாள் போய்ப் பார்த்து வந்து சொன்னார். அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியாது. அவர் சரி சொன்ன அன்று மதியமே பொக்லைன் அதே இடத்தில், அதே நேர்கோட்டில், அதே ஆழத்துக்கு மறுபடியும் இறங்கியிருந்தது. ஒருமுறை தோண்டி மூடிய மண் என்பதால் இளகியிருந்தது, வேலை சீக்கிரமாகவே முடிந்துவிட்டது என்று ஆனந்தகுமார் சொன்னார்.